செல் போடுகிற வாட்சுக்கு இரண்டு லட்சமா?

கிராண்ட் செய்கோ, எஸ்பிஜிஎக்ஸ்261. கறுப்பு டயல், மூன்று முள், ஒரு தேதி. ஸ்டீல் கேஸ், ஸ்டீல் செயின். குறுக்களவு 37 மில்லிமீட்டர், தடிமன் 10 மில்லிமீட்டர். கல் பதித்த வேலை கிடையாது. பின்பக்கம் கண்ணாடி வைத்து, சக்கரம் சுற்றுவதைக் காட்டும் ஜம்பமும் கிடையாது. இருட்டில் ஒளிராது. சாவி கொடுக்க வேண்டாம், உள்ளே இருப்பது செல். விலை, வரியெல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல்.

விலையைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். “செல் போடுற வாட்சுக்கு ரெண்டு லட்சமா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருநூறு ரூபாய்க்கு மாட்டி வெச்சிருக்கானே, அதுவும் மணிதானே காட்டுது?”

காட்டும்தான். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச், அதாவது செல் வாட்ச், மாதத்துக்குப் பதினைந்து விநாடி முன்னே பின்னே போகும். குன்னூரில் அதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் ரயில், வழியில் மரம் விழுந்தால் நின்று, அதை எடுத்துப் போட்ட பிறகுதான் வருகிறது. மணி பார்ப்பதற்காக யாரும் இந்த விலை கொடுக்க வேண்டாம். நான் கொடுத்தது வேலைப்பாட்டுக்கு. அது என்ன வேலைப்பாடு, அந்தக் காசுக்குத் தகுமா, மலையில் இருக்கிறவர்களுக்கு ஒத்துவருமா என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேத்திப் பக்கம் ஊசி செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊசியை நீங்கள் நூல் கோக்கும்போது மட்டும்தான் உற்றுப் பார்ப்பீர்கள். எங்களுக்கு அதுவே பிழைப்பு. காதின் உள்விளிம்பில் பிசிர் இருந்தால் நூல் அறுந்துவிடும். முனை மயிரிழை வளைந்திருந்தாலும் துணியை இழுக்கும். கண்ணாடித் தகட்டில் உருட்டிவிட்டால் நேரான ஊசி அமைதியாக ஓடும், வளைந்தது துள்ளும். இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் விளிம்புதான் தெரியும். கல்யாண வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாலும் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எனக்கென்று ஒரு பொருள் என்று முடிவு செய்திருந்தேன். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். ஊருக்கெல்லாம் பெயர் தெரிந்த ஒரு சுவிஸ் கம்பெனியின் ஸ்டீல் வாட்சைக் கேட்டால், ஷோகேஸில் இருப்பது பார்ப்பதற்கு மட்டும், பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் கவுன்டரில் இருந்த பையன் என் ஸ்வெட்டரையும் சேலையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு தட்டு நிறைய லேடீஸ் வாட்ச் கொண்டுவந்து வைத்தான். எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு டயல், சுற்றிலும் கல். “தம்பி, எனக்கு வெள்ளெழுத்து. மணி தெரியற வாட்சா காட்டுங்க” என்றேன். “அப்ப ஜென்ட்ஸ்லதான் பாக்கணும் ஆன்ட்டி” என்றான். பார்ப்போமே.

கிராண்ட் செய்கோ என்றதும் மகளே உதட்டைப் பிதுக்கினாள். செய்கோ என்றால் சிங்கப்பூரிலிருந்து மாமாக்கள் கொண்டுவரும் வாட்ச் என்பதுதான் நம் ஊர் நினைப்பு. அதே குடும்பம்தான். ஆனால் 1960லிருந்தே இதைத் தனி வரிசையாகச் செய்துவருகிறார்கள், 2017ல் தனி பிராண்டாகவே பிரித்துவிட்டார்கள். அதற்கு முன் வந்தவற்றில் டயலின் உச்சியில் செய்கோ என்றே இருக்கும். இந்தக் குழப்பம் வாங்குகிறவருக்கு லாபம். இதே வேலைப்பாட்டை ஒரு சுவிஸ் பெயரோடு விற்றிருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும்.

கைப்பையிலிருந்து ஐ கிளாஸை எடுத்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும், வேலையில் இருந்த காலத்திலிருந்து கூடவே இருப்பது. பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

முதலில் முள். மணி முள்ளும் நிமிட முள்ளும் அடியில் அகன்று நுனியில் கூர்ந்து வருபவை. நடுவில் ஒரு முகடு, இரண்டு பக்கமும் சரிவு. வாட்சைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு சரிவு வெள்ளி, மறு சரிவு கறுப்பு. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அந்த முகட்டுக் கோடு அடியிலிருந்து நுனிவரை எங்கேயும் மழுங்கவில்லை. நுனியில் பிசிர் இல்லை. மெருகு ஏற்றும்போது விளிம்பு உருண்டுபோவது உலோக வேலையில் அன்றாடம் நடப்பது. பளபளப்பு வேண்டுமென்றால் கூர்மை போகும், கூர்மையைக் காப்பாற்றினால் பளபளப்பு குறையும். இதில் இரண்டும் இருந்தது. மணிக்குறிகளும் அப்படித்தான். ஒவ்வொரு சின்ன உலோகக் கட்டையின் ஓரத்தையும் பார்த்தேன், திருப்பி அனுப்பும்படி ஒன்றுகூட இல்லை. என் மேஜையைத் தாண்டிப் போவது லேசில்லை என்று தொழிற்சாலையில் பெயர் எனக்கு.

அப்புறம் கேஸ். கடையின் கூரையில் நீளமான எல்இடி விளக்கு. அதன் பிம்பம் கேஸின் பக்கவாட்டில் விழும்படி திருப்பினேன். சுமாரான பாலிஷ் என்றால் அந்த வெளிச்சக் கோடு நடுவில் நெளியும், ஓரத்தில் வளைந்து வழியும். இதில் கோடு விளிம்பு வரை நேராக வந்து, வெட்டினாற்போல் நின்றது. இந்த மெருகுக்கு ஜராட்சு என்று பெயர். சுழலும் தகட்டின் தட்டையான முகத்தில் கேஸைக் கையால் பிடித்து அழுத்தி எடுக்கிறார்கள். என்ன கோணம், எவ்வளவு அழுத்தம் என்பது கைக்குத்தான் தெரியும். மெஷினில் ஆயிரம் ஆயிரமாக வருகிற பொருளில் இதை எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரை டியூப் லைட்டுக்கு அடியில் உட்காரவைத்து, அவருடைய வாட்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினார். “ம்… இதுல நேராத்தான் நிக்குது” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

சரி, செல் விஷயத்துக்கு வருவோம். செல் வாட்ச் என்றால் மட்டம் என்ற எண்ணம் பிற்பாடு வந்ததுதான். உலகத்தில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது செய்கோ. அஸ்ட்ரான் என்று பெயர், விலை 4,50,000 யென். அன்றைக்கு ஜப்பானில் அந்தப் பணத்துக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம். பிறகு உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்து, நம் பஸ் ஸ்டாண்டு வாசல் வரை வந்துவிட்டது. அதில் மலிவாகப் போனது எது, மலிவாகச் செய்ய முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த வாட்ச் புரியும்.

குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணித்தான் விநாடியைப் பிரிக்கிறார்கள். சூட்டிலும் குளிரிலும் அந்த அதிர்வு துளி மாறும், பிசகு அங்கேதான் வருகிறது. இதில் இருக்கும் இயந்திரம் 9எஃப், 1993ல் வந்தது. படிகத்தை மூன்று மாதம் பதப்படுத்தி, தேறியதை மட்டும் பொறுக்கிப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 540 முறை உள்ளே வெப்பநிலையைப் பார்த்து, அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. கம்பெனி சொல்லும் கணக்கு 10 விநாடி முன்பின், அதுவும் மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. டிசம்பர் விடியற்காலையில் மேஜையில் கிடக்கும் வாட்சைத் தொட்டால் விரல் சில்லிடும். அன்றைக்கே மத்தியானம் மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்போம். மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் திருத்தம் வீண் ஆடம்பரம் இல்லை. பொங்கல் சமயத்தில் செல்போன் மணியோடு ஒட்டி வைத்தேன். தீபாவளிக்குப் பார்த்தபோது மூன்று விநாடி கூட ஓடியிருந்தது. திருத்தவில்லை, எதுவரை போகிறதென்று பார்க்க ஆசை.

எனக்கு ரொம்பப் பிடித்தது விநாடி முள். பெரும்பாலான செல் வாட்சில் அது கோட்டின் மேல் சரியாக விழாது. கொஞ்சம் தள்ளி விழும், விழுந்ததும் லேசாக நடுங்கும். பல்சக்கரங்களுக்கு இடையில் இருக்கும் சந்துதான் காரணம். 9எஃபில் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அந்தச் சந்து ஆடாதபடி ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. முள் கோட்டின் மேல் விழுகிறது, நிற்கிறது, நடுக்கமே இல்லை. ஐ கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு சுற்று முழுக்கப் பார்த்தேன், குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை. இன்னொரு சங்கதி: சாதாரண செல் வாட்சின் மோட்டாருக்கு இழுவை போதாது, தகடு மாதிரி மெல்லிசு முள்தான் போடுவார்கள். இதில் ஒரு விநாடி நகர்வதற்கு மோட்டாரை இரண்டு முறை உந்துகிறார்கள். நான் மேலே புகழ்ந்த கனமான முள்ளைத் தாங்குவது அந்த ஏற்பாடுதான். தேதி மாறுவதும் ஒரே சொடுக்கு. விநாடியில் 2,000ல் ஒரு பங்கு நேரம் என்கிறார்கள். இதைப் பார்க்க நள்ளிரவு வரை விழித்திருந்தேன். கண் சிமிட்டினால் போச்சு.

இந்த விலைக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் மாப்பிள்ளை கையில் இருப்பது நோமோஸ் டான்ஜென்டே. ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் கிளாசூட்டே என்று ஒரு சின்ன ஊர், அங்கே 1845லிருந்து கடிகார வேலை நடக்கிறது. பெர்லின் சுவர் விழுந்த கையோடு 1990ல் தொடங்கிய கம்பெனி நோமோஸ். டான்ஜென்டே 1992ல் வந்தது. சாவி கொடுக்கிற வாட்ச், இயந்திரமும் சொந்தத் தயாரிப்பு. ஜெர்மனி வாட்ச் என்றால் விலை கேட்கவே பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன், இது என் வாட்ச் விலைக்கு அக்கம்பக்கம்தான். முள் நீல நிறம். பெயின்ட் இல்லை, எஃகைச் சூடாக்கி ஏற்றிய நிறம். சூடு ஏற ஏற முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கிட்டத்தட்ட 300 டிகிரியில் நீலம். ஊசிக்குப் பதம் போடும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். கொஞ்சம் தாமதித்தால் நீலம் வெளுத்துவிடும். மூன்று முள்ளையும் ஒரே நீலத்தில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். அழகில் என்னுடையதைவிட அது ஒரு படி மேல். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை.

ஆனால் மலைக்கு அது ஆகாது. 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பித் தண்ணீருக்கடியில் கையைவிட முடியாது. தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். பட்டை தோல். ஜூலை மழையில் வந்து தங்கியிருந்தார்கள், கழற்றி அலமாரியில் வைத்த வாட்சின் பட்டையில் வாரம் திரும்புவதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இங்கே பெல்ட், ஷூ, கல்யாண ஆல்பம் எதுவும் தப்பாது. அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுகிற ஊர் இது. என் வாட்ச் 100 மீட்டர், ஸ்டீல் செயின். பாத்திரம் துலக்கும்போதும் கழற்றுவதில்லை.

எஸ்டேட்டில் வேலை, கரடுமுரடாகப் புழங்குவேன் என்கிறவர்கள் பிராங்க்ஃபர்ட்டின் ஜின் 556ஐப் பாருங்கள். ஹெல்முட் ஜின் என்ற விமானி 1961ல் தொடங்கிய கம்பெனி. 38.5 மில்லிமீட்டர், 200 மீட்டர், ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது, படிப்பதற்கு அவ்வளவு தெளிவு. இதே கம்பெனியின் சில விலை கூடிய மாடல்களில் தாமிர சல்பேட் அடைத்த குப்பி ஒன்றைக் கேஸில் பதித்திருப்பார்கள். உள்ளே ஏறும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்ச உறிஞ்ச நீலமாக மாறும். குன்னூருக்காகவே யோசித்தது போல இருக்கிறது. 556ல் அது இல்லை என்பதுதான் வருத்தம்.

பழையது பிடிக்குமென்றால் சுவிஸ் கம்பெனி ஃபேவர் லூபா. எங்கள் அப்பா காலத்தில் அது கட்டியிருந்தால் துரை என்று அர்த்தம். 1960களில் பிவாக் என்று ஒரு வாட்ச் செய்தார்கள், காற்றழுத்தத்தை வைத்து 3,000 மீட்டர் வரை உயரம் காட்டும். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நல்ல நிலையில் எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் செய்யும் தம்பியிடம் என் வாட்சைக் காட்டினேன். அப்பாவின் எச்எம்டி ஜனதாவை இன்றுவரை ஓடவைப்பவர் அவர்தான். (அதுவும் ஜப்பான் உறவுதான். 1961ல் எச்எம்டி பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது சிட்டிசனோடு கூட்டு வைத்து.) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பின்மூடியைத் தடவினார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இத நான் தொறக்க மாட்டேங்க்கா. செல்லு மாத்திடுவேன். மூடுனது சரியா மூடிச்சான்னு பாக்க நம்மகிட்ட பிரஷர் மிஷின் இல்லையே. நாளைக்கு உள்ள ஆவி பூத்துச்சுன்னா யாருக்குப் பதில் சொல்றது?”

அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிவதற்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்பதே இல்லை. கீழே புழுக்கமான இடத்தில் திறந்து மூடினால் அங்கத்திக் காற்றின் ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். மலையேறி வந்து, குளிரில் கண்ணாடி சில்லிட்டதும் அந்த ஈரம் அதில் படியும். அதனால் செல் மாற்றுவதானால் கம்பெனி சர்வீஸில், ஏசி அறையில், பிரஷர் சோதனையோடு. செல் மூன்று வருடம் வரும். அதற்காக மலையிறங்கித்தான் ஆக வேண்டும், அல்லது யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.

குறைகளில் பெரியது செயின். நம் ஊர்க் காலைக் குளிரில் மணிக்கட்டு சுருங்கி வாட்ச் புறங்கையில் உருளும். மலையிறங்கிக் கல்லாறு தாண்டியதும் வெக்கையில் கை உப்பி, செயின் தோலில் பதியும். பல மடங்கு விலை குறைந்த வாட்சுகளில்கூடப் பக்கிளின் ஓரத்தில் இரண்டு மூன்று துளை வைத்திருப்பார்கள், குச்சியால் குத்தித் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை. முள் நுனியில் இத்தனை அக்கறை எடுத்தவர்கள் பக்கிளை ஏன் கைவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்தான். நான் கொஞ்சம் தளர்வாகவே வைத்துக்கொண்டேன். இரண்டாவது, இருட்டு. கரண்ட் போனால் டார்ச் அடித்துத்தான் மணி பார்க்க வேண்டும். மூன்றாவது, விற்கப் போனால் போட்ட பணம் வராது. செல் வாட்ச் என்று சொன்னதுமே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். தங்கம் வாங்குகிற மனசோடு போகாதீர்கள்.

பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை நிறையில் சேர்ப்பதா குறையில் சேர்ப்பதா தெரியவில்லை. கோத்தகிரியில் ஒரு கல்யாணத்தில் நாத்தனார் என் கையைப் பிடித்துப் பார்த்து, “அண்ணன் வாட்சா அண்ணி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

பட்ஜெட் பத்து இருபதாயிரம்தான் என்றாலும் விளிம்பு பார்த்து வாங்கலாம். ஓசூர் டைட்டனின் எட்ஜ் 2002ல் வந்தபோது மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிசில் நேராக ஒரு கேஸ் எடுப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்பது டூல்ரூம் ஆட்களைக் கேட்டால் தெரியும்.

கிராண்ட் செய்கோதான் வேண்டும், ஆனால் கை எட்டவில்லை என்கிறவர்கள் 2017க்கு முந்தைய 9எஃப் வாட்சைத் தேடுங்கள். டயலில் செய்கோ என்ற பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே அதே இயந்திரம், விலை நன்றாக இறங்கும். பில், கேரண்டி கார்டு இரண்டும் இருக்கிறதா பாருங்கள். கேஸை யாராவது உள்ளூரில் பஃப் போட்டு மெருகேற்றியிருந்தால் விளிம்பெல்லாம் உருண்டிருக்கும், அதை வாங்க வேண்டாம். டியூப் லைட்டுக்கு அடியில் ஒருமுறை திருப்பினால் தெரிந்துவிடும். விநாடி முள் நடுங்கினாலும் வேண்டாம்.